"இன்றிரவு இங்கே படுக்கலாமா, கூடாதா?": மண்சரிவு ஆய்வைத் தோட்டத்து மக்களிடம் யார், எப்படிச் சொல்வது?

மழைமானி (நானுஓயா)

சென்ற ஞாயிற்றுக்கிழமை இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் மண்சரிவு பற்றிப் பேசினேன். நான் லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்தவள். இப்போது பல்கலைக்கழகத்தில் மண்சரிவு குறித்து ஆய்வு செய்கிறேன். நாற்பது நிமிடம் பேசினேன். துளை நீர் அழுத்தம், சரிவுக்கோணம், மழை வரைபு எல்லாம் திரையில் ஓடின. முடிந்ததும் ஒரு பாட்டி எழுந்தார். "எல்லாம் சரி பிள்ளை. மழை பிடித்துக்கொண்டால் இன்றிரவு நாங்கள் இங்கே படுக்கலாமா, கூடாதா?" என்று கேட்டார். எனக்கு நா எழவில்லை.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று கட்டமாக எச்சரிக்கை விடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை தாண்டினால் மஞ்சள், 100 தாண்டினால் செம்மஞ்சள், 150 தாண்டினால் சிவப்பு. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். இந்த எண்கள் வானொலியில் வருகின்றன, கைத்தொலைபேசியில் வருகின்றன. ஆனால் 75 மில்லிமீற்றர் என்பது எவ்வளவு மழை என்று அந்த மண்டபத்தில் இருந்த ஒருவருக்கும் தெரியவில்லை.

அதனால் ஒரு துண்டுப்பிரசுரம் எழுதியிருக்கிறேன். சாரம் இதுதான்: வாயும் அடியும் ஒரே அகலமான, நேரான பக்கமுள்ள பாத்திரத்தைக் கூரையோ மரமோ மறைக்காத வெளியில் வையுங்கள். ஒரு பகல், ஓர் இரவுக்குள் நடுவிரல் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது மஞ்சள். இரண்டு விரல் உயரம் என்றால் சிவப்பு. மண் ஏன் சரிகிறது என்பதற்கு அடுப்பு மெழுகும் மண்ணைச் சொன்னேன். தண்ணீர் அளவாக இருந்தால் மண் பிடிக்கும், கூடினால் வழிந்துவிடும்.

ஆய்வாளர்களே இப்படி எழுதப் பழக வேண்டும், வேறொருவரிடம் விட்டுவிடக் கூடாது என்பது என் கருத்து. உங்கள் எண்ணம் என்ன?

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் (பண்டாரவளை)

மகளே, உங்கள் மனம் நல்லது. ஆனால் இதை இப்படியே அச்சிட வேண்டாம்.

விரலை அளவாகக் கொள்ள முடியாது. கொழுந்து பறிக்கும் அம்மாவின் நடுவிரலும் கவ்வாத்து வெட்டும் ஐயாவின் நடுவிரலும் ஒன்றா? அரை அங்குலம் பிசகினால் மஞ்சளும் செம்மஞ்சளும் குழம்பிவிடும். முப்பது வருடம் விஞ்ஞானம் கற்பித்தவன் சொல்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்குக் கடினமான சொல் வேண்டாம் என்று நாமே முடிவுகட்டுவதுதான் அவர்களுக்குச் செய்யும் பெரிய குறை. மில்லிமீற்றர் அடிமட்டத்தில் இருக்கிறது. அடிமட்டம் ஒவ்வொரு லயத்திலும் ஏதாவதொரு பிள்ளையின் புத்தகப் பையில் இருக்கிறது.

அடுப்பு மண் உவமையில் அதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது. அது மேல்மண்ணைப் பற்றியது. பெரிய சரிவுகள் ஆழத்தில் தொடங்குகின்றன. மேலே விழுந்த நீர் அங்கே இறங்கி மண் துகள்களுக்கிடையே அழுத்தமாகச் சேர நேரம் எடுக்கும். மழை விட்டு, வெயில் எறித்த பிறகும் மலை இறங்கும். உங்கள் துண்டைப் படித்தவர் மழை ஓய்ந்ததும் திரும்பிவிடுவார். எளிமைப்படுத்தும்போது முதலில் விழுந்துபோவது இப்படிப்பட்ட உயிர்காக்கும் விஷயம்தான்.

மழைமானி

ஐயா, அடுப்பு மண் பற்றி நீங்கள் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். அந்த இடைவெளியை நான் கவனிக்கவே இல்லை. விரலையும் அடிமட்டமாக மாற்றிவிடுகிறேன்.

ஆனால் சொற்களில் உடன்பட முடியவில்லை. மண்டபத்தில் நான் 'வடிகால் அடைப்பு' என்று மூன்று முறை சொன்னேன், யாரும் அசையவில்லை. பிறகு ஓர் அண்ணன், "கானைச் சொல்கிறீர்களா?" என்று கேட்டார். அந்த ஒரு சொல்லில் மண்டபமே பேசத் தொடங்கிவிட்டது. எந்த மலையில் கான் வெட்டி எத்தனை வருடமாகிறது, எங்கே மண் நிறைந்து தண்ணீர் திசை மாறிப் பாய்கிறது என்று வரிசையாகச் சொன்னார்கள். நான் இரண்டு பருவமழைக்காலம் அலைந்து திரட்டாத தகவல் அது. கடினமான சொல் அவர்களுக்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தங்களுக்குத் தெரிந்ததை அவர்கள் என்னிடம் சொல்ல முடியாதபடி என் சொல் வழியை மறித்தது என்கிறேன்.

ஹப்புத்தளைக்காரன்

இதுவரை எழுதிய இருவரும் மன்னிக்க வேண்டும். நீங்கள் தவறான இடத்தில் மண்வெட்டி போடுகிறீர்கள்.

கொஸ்லாந்தை மீரியபெத்தையை மறந்துவிட்டீர்களா? 2014 ஒக்டோபர் 29, காலை நேரம். லயங்கள் மண்சரிவில் அப்படியே புதைந்தன. அந்த இடம் அபாயமானது, மக்கள் அகற்றப்பட வேண்டும் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. அங்கே குறைந்தது விளக்கமா? நிலம்! எங்கள் மக்கள் 1820களிலிருந்து இந்த மலையில் உழைக்கிறார்கள். இன்றும் லயத்துக் காம்பரா (அறை) அவர்கள் பெயரில் இல்லை. வீடு கட்ட ஏழு பேர்ச் அளவு காணிக்காக எத்தனை ஊர்வலம், எத்தனை மனு! வேறு வீடு இல்லாதவனிடம் "உன் வீடு ஆபத்தானது" என்று எவ்வளவு அழகான தமிழில் சொன்னாலும் அவன் எங்கே போவான்?

2025 நவம்பரில் டித்வா புயல் வந்தபோதும் மலையகம் முழுவதும் இதையே பார்த்தோம். துண்டுப்பிரசுரம் வந்தால் பொறுப்பு இடம் மாறிவிடும் என்பதுதான் என் பயம். "நாங்கள் சொன்னோம், அவர்கள் கேட்கவில்லை" என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். தங்கை, உங்கள் நல்ல நோக்கம் அந்தக் கோப்புக்கு அட்டையாகிவிடக் கூடாது.

கொழுந்துக்காரி மகள் (மஸ்கெலியா)

ஹப்புத்தளை அண்ணன் சொல்வதில் பாதி என் நெஞ்சில் இருக்கிறது. மறுபாதியை ஏற்க முடியவில்லை.

நிலம் கிடைக்கும் வரை மழை காத்திருக்காது. எங்கள் தோட்டத்தில் ஒருமுறை எச்சரிக்கைச் செய்தி வேற்று மொழியில் மட்டும் வந்தது. தமிழில் வந்து சேரும்போது மறுநாள் மதியம். அன்றிரவு அம்மா எங்கள் மூவரையும் அணைத்துக்கொண்டு விடியும் வரை உட்கார்ந்தே இருந்தார். போகச் சொல்கிறார்களா, இருக்கச் சொல்கிறார்களா என்று அவருக்குத் தெரியாது. நிலம் இல்லாதவருக்கு அந்தத் தகவலும் இல்லாமல் போவது எந்த நியாயம்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆய்வாளர்கள் எங்களிடம் வரும்போது பெரும்பாலும் குற்றம் சொல்லும் குரலில் வருகிறார்கள். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கம்பிக் கண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை சிக்கி, சில நாட்களில் இறந்தது. நாடே அழுதது, நானும் அழுதேன். அதன்பின் நடந்த கூட்டங்களில் சிறுத்தையின் அருமை பற்றி நிறையக் கேட்டோம். கண்ணி பன்றிக்காக வைக்கப்படுகிறது. மரக்கறிப் பாத்தியை ஒரே இரவில் பன்றி கிளறிவிட்டால் அந்த வீட்டில் அந்த மாதக் கணக்கே பிசகிவிடும். அதைப் பற்றி ஒருவராவது கேட்டிருந்தால் கூட்டத்தில் பாதிப்பேர் எழுந்து போயிருக்க மாட்டார்கள்.

மழைமானி அக்கா, அதனால் உங்களிடம் கேட்கிறேன். கோயில் மண்டபத்துக்கு மாலையில் பெண்கள் எத்தனை பேர் வந்தார்கள்? அந்த நேரம் நாங்கள் அடுப்படியில் இருப்போம். கொழுந்து மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) நிறுவைக்கு வரிசையில் நிற்கும்போது வந்து பேசுங்கள். அங்கே எல்லோரும் இருப்போம், கூடை இறக்கிய கையோடு பேசுவோம்.

ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர்

மஸ்கெலியாப் பிள்ளை எழுதியதைப் படித்தபின் என் பதிவைத் திரும்பப் பார்த்தேன். பிழையற்ற விளக்கம் பிந்தி வந்தால் பயனில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிழையான விளக்கம் முந்தி வருவதையும் என்னால் ஏற்க முடியாது.

ஆகவே குறை சொன்னவன் மாற்றும் தருகிறேன். அடுப்பு மண்ணை விட்டுவிட்டுப் பாத்தியைச் சொல்லுங்கள். பாத்தியில் தண்ணீர் ஊற்றினால் மேல்மண் சீக்கிரம் காய்ந்துவிடும், ஆனால் விரலை உள்ளே விட்டால் அடியில் இன்னும் ஈரம் இருக்கும். மலையும் அப்படித்தான். மேலே காய்ந்தது போலிருக்கும், உள்ளே நீர் இறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே மழை விட்டதும் திரும்பாதீர்கள், நிலத்தைப் பரிசோதித்துச் சொல்லும் வரை போன இடத்திலேயே இருங்கள். இதில் விஞ்ஞானமும் கெடவில்லை.

சரிவுக்கு முன் தெரியும் அடையாளங்களையும் சேர்த்துவிடுங்கள். நிலத்திலோ சுவரிலோ புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம் அல்லது மின்கம்பம், இல்லாத இடத்தில் திடீரென ஊற்று, இருந்த ஊற்று நின்றுபோவது, தெளிந்து வந்த நீர் கலங்கி வருவது. இவற்றைக் கண்டால் பாத்திரத்தில் எத்தனை மில்லிமீற்றர் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

மழைமானி

ஐயா, பாத்தி உவமையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். தங்கை கேட்டதற்கு உண்மையான பதில்: நாற்பது பேரில் பெண்கள் ஒன்பது பேர், அதில் ஏழு பேர் வயதானவர்கள். அடுத்த முறை மடுவத்துக்கு வருகிறேன். பேசுவதற்கு முன் கேட்கிறேன்.

அண்ணன், நிலம் பற்றிய உங்கள் கோபத்துக்கு என் துண்டுப்பிரசுரம் பதிலாகாது. ஆய்வு அறிக்கையின் முடிவுரையில் மாற்றுக் காணி என்ற பரிந்துரையைப் போடுவேன். அந்தப் பகுதியைத் தமிழில் தனியாக எழுதி, தோட்டத்து மக்கள் கையில் கொடுப்பேன். மனு எழுதும்போது அவர்களே அதை இணைக்கலாம்.

ஹப்புத்தளைக்காரன்

அதைச் செய்யுங்கள். மனுவோடு இணைக்க எங்களிடம் இதுவரை ஆங்கில அறிக்கைதான் இருந்தது, படிக்க முடியாமல் மடித்து வைத்திருந்தோம். என் கருத்து மாறவில்லை. முதலில் காணி, பிறகுதான் மற்றதெல்லாம்.

ஆனால் துண்டை அச்சிடுவதென்றால் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். சிவப்பு எச்சரிக்கை என்றால் வெளியேறு என்கிறீர்கள், எங்கே? பெரும்பாலும் தோட்டப் பாடசாலை. நள்ளிரவில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பூட்டிய கதவின் முன் மழையில் நின்றிருக்கிறோம். அந்தத் திறப்பு யாரிடம் இருக்கும், அவர் எந்த லயத்தில் இருக்கிறார் என்று எழுதுங்கள்.

மழைமானி

நாளை காலை பெரட்டுக்கு (வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டத்துக்கு) முன் போய்க் கேட்டுவிட்டு, இங்கே எழுதுகிறேன்.