73 பிட்ச்சில் ஸ்னெல்லை வெளியே எடுத்தது: கணக்கு தப்பா, ஆள் தேர்வு தப்பா?

கேள்வி – மேல்மாடி ரசிகன்

2020 உலகத் தொடர் (அமெரிக்க பேஸ்பாலின் இறுதித் தொடர், முதலில் நான்கு ஆட்டம் ஜெயிப்பவருக்குக் கோப்பை), ஆறாவது ஆட்டம், டெக்சஸின் ஆர்லிங்டன். லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸிடம் தொடரில் 2-3 என்று பின்தங்கிய டாம்பா பே ரேஸ் அன்று 1-0 முன்னிலை. ரேஸின் பிட்சர் (பந்து வீசுபவர்) பிளேக் ஸ்னெல் 73 பிட்ச்சில், அதாவது 73 பந்தில், 5⅓ இன்னிங்ஸ் போட்டுக் கொடுத்தது 2 ஹிட். 9 ஸ்ட்ரைக் அவுட் (பேட்டர் பந்தை அடிக்காமலே அவுட்), ஒரு வாக் (நான்கு தவறான பந்தால் பேட்டருக்குக் கிடைக்கும் இலவச பேஸ்) கூட இல்லை. ஆறாவது இன்னிங்ஸில் டாட்ஜர்ஸின் ஆஸ்டின் பார்ன்ஸ் சிங்கிள் (ஒரு பேஸ் எட்டும் ஹிட்) அடித்ததுமே ரேஸ் மேனேஜர் கெவின் கேஷ் ஸ்னெல்லை எடுத்துவிட்டு மாற்றுப் பிட்சர் நிக் ஆண்டர்சனைக் கொண்டுவந்தார். மூக்கி பெட்ஸ் டபுள் (இரண்டு பேஸ் ஹிட்) அடித்தார், வைல்ட் பிட்ச்சில் (கேட்சர் பிடிக்க முடியாமல் விலகிய பந்தில்) ஒரு ரன், கோரி சீகரின் தரைப்பந்தில் இன்னொன்று. 3-1 என்று தோற்றார்கள், கோப்பை டாட்ஜர்ஸுக்கு. “மூன்றாம் சுற்றில் பிட்சர் அடிவாங்குவார்” என்ற புள்ளிவிவரம் உண்மைதானே? பிறகு ஏன் எல்லோரும் கேஷைத் திட்டுகிறார்கள்?

மறுமொழி – புல்பென் கதவு

புள்ளிவிவரம் உண்மைதான். அதே பிட்சரை மூன்றாவது முறை சந்திக்கும்போது பேட்டர்கள் கூடுதலாக அடிக்கிறார்கள். ஆனால் அந்தக் கூடுதலுக்குள் இரண்டு காரணங்கள் கலந்திருக்கின்றன: பிட்சரின் களைப்பு, பேட்டருக்குப் பந்து பழகிப்போவது. 73 பிட்ச்சில் களைப்பு பெரிய விஷயமில்லை. பழக்கத்தைப் பொறுத்தவரை, இரண்டே வகைப் பந்து வைத்திருப்பவருக்குத்தான் ஆபத்து அதிகம். ஸ்னெல்லிடம் ஃபாஸ்ட்பால், ஸ்லைடர், கர்வ், சேஞ்சப் என்று நான்கு இருந்தன. எல்லாப் பிட்சருக்கும் எடுத்த சராசரியை அப்படியே இவர் தலையில் வைக்கக் கூடாது.

அதைவிடப் பெரிய தப்பு, யாரைக் கொண்டுவந்தார் என்பது. 60 ஆட்ட சீசனில் ஆண்டர்சனின் இஆர்ஏ (ஒன்பது இன்னிங்ஸுக்குக் கொடுத்த ரன் சராசரி) 0.55, அதுவும் 16⅓ இன்னிங்ஸுக்குத்தான். பிளேஆஃபில் (சீசன் முடிந்தபின் நடக்கும் கோப்பைச் சுற்றில்) அதற்கு முந்தைய ஆறு ஆட்டங்களிலும் வரிசையாக ரன் கொடுத்திருந்தார், இது ஏழாவது. “ஸ்னெல்லா, புல்பென்னா (மாற்றுப் பிட்சர் கூட்டமா)” என்று கேட்பதால் பயனில்லை. “இன்றைய ஸ்னெல்லா, இன்றைய ஆண்டர்சனா” என்றுதான் கேட்டிருக்க வேண்டும்.

மறுமொழி – இடதுகை வாதி

பெட்ஸை மறந்துவிட்டீர்கள். அந்த சீசனில் இடதுகைப் பிட்சர்களிடம் அவர் பேட்டிங் சராசரி .200 (பத்துக்கு இரண்டு ஹிட்), வலதுகையிடம் .323. இடதுகை ஸ்னெல்லை எடுத்து வலதுகை ஆண்டர்சனை அவர் முன் நிறுத்தினார்கள். வழக்கு அதோடு முடிந்தது.

மறுமொழி – ஸ்கோர்புக்

முடியவில்லை. அந்த .200 சுமார் 55 முறை பேட் செய்ததில் வந்தது. உண்மையிலேயே .300 அடிக்கும் ஒருவருக்கு 55 முறையில் 16 அல்லது 17 ஹிட் எதிர்பார்க்கலாம். வெறும் அதிர்ஷ்டத்தால் 11-க்கு இறங்குவதற்கு ஏறக்குறைய 7% வாய்ப்பு. லீக்கில் இத்தனை பேட்டர்கள் இருக்கையில் சிலருக்கு இது வருடாவருடம் நடக்கும். பெட்ஸ் வலதுகை பேட்டர், எதிர்க்கைப் பிட்சரிடம் பேட்டர்கள் பொதுவாக நன்றாகவே அடிப்பார்கள். இடதுகையிடம் அவர் பலவீனமானவர் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. ஆண்டர்சனின் 0.55-ஐ நம்புவதும் இதே பிழைதான்.

அன்று கண்முன் நடந்ததற்கு எடை அதிகம். பெட்ஸ், சீகர், ஜஸ்டின் டர்னர் மூவரும் ஸ்னெல்லிடம் ஆறு முறை வந்து ஆறு முறையும் ஸ்ட்ரைக் அவுட். ஒரு முறைக்கு 20% என்று தாராளமாக வைத்தாலும், ஆறும் தற்செயலாக அமைவது 15,625-இல் ஒன்று. ஹிட் விழுவதில் ஃபீல்டர் நிற்கும் இடம்கூடக் கலந்திருக்கிறது. ஸ்ட்ரைக் அவுட் பிட்சரின் அன்றைய பந்தை நேராகக் காட்டுகிறது.

மேல்மாடி ரசிகன்

சரி, இந்த முடிவால் கோப்பை வாய்ப்பு எவ்வளவு குறைந்தது?

மறுமொழி – ஸ்கோர்புக்

ஒரு அவுட், முதல் பேஸில் ஒருவர் என்றால் இன்னிங்ஸ் முடிவதற்குள் சராசரியாக அரை ரன் வரும். ஆண்டர்சன் வந்ததால் அது 0.1 கூடியது என்று வைப்போம். அந்தக் கட்டத்தில் 1-0 சமநிலையானால் வெற்றி வாய்ப்பு சுமார் 20 புள்ளி விழும். ஆக 0.1 ரன்னுக்கு 2%. ஏழாவது ஆட்டத்தையும் ஜெயிக்க வேண்டும், அதற்குப் பாதி. கோப்பைக் கணக்கில் 1%. டபுளும் வைல்ட் பிட்ச்சும் விழுந்தபின் அது மலைபோலத் தெரிகிறது. முடிவு தப்புதான், ஆனால் தோல்விக்கு அது ஒன்றே காரணம் என்பது நியாயமில்லை. ரேஸ் அன்று முழு ஆட்டத்திலும் எடுத்தது ஒரே ரன், முதல் இன்னிங்ஸில் ராண்டி அரோசரேனாவின் ஹோம் ரன்.

மறுமொழி – புல்பென் கதவு

இதற்கு நேர்மாறானது 2003 அமெரிக்கன் லீக் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டம். பாஸ்டன் 5-2 முன்னிலை, எட்டாவது இன்னிங்ஸ். பாஸ்டன் மேனேஜர் கிரேடி லிட்டில் மவுண்டுக்கு (பிட்சர் நிற்கும் மேட்டுக்கு) போய்ப் பேசிவிட்டு பிட்சர் பெட்ரோ மார்டினெஸை அங்கேயே விட்டுவந்தார். யாங்கீஸ் 5-5 ஆக்கி, 11-ஆவது இன்னிங்ஸில் ஆரன் பூனின் ஹோம் ரன்னால் ஜெயித்தது. பெட்ரோ அன்று 123 பிட்ச் போட்டிருந்தார். அங்கே களைப்பு நிஜம், ஓய்வோடு ரிலீவர்களும் (மாற்றுப் பிட்சர்களும்) காத்திருந்தார்கள். ஸ்னெல் விஷயத்தில் அந்தக் களைப்பு இல்லை.

கேஷுக்கு இன்னொரு கட்டாயமும் இருந்தது. 2020-இல் வந்த விதிப்படி, உள்ளே வரும் ரிலீவர் மூன்று பேட்டர்களுக்காவது போட வேண்டும், அல்லது இன்னிங்ஸ் முடிய வேண்டும். எனவே ஆண்டர்சனைக் கூப்பிட்டாலே பெட்ஸ், சீகர், டர்னர் மூவரும் அவர் பொறுப்பு. நடுவில் மாற்ற முடியாது. பெட்ஸுக்கு ஸ்னெல், சீகர் இடதுகை பேட்டர் என்பதால் அவருக்கும் ஸ்னெல், பிட்ச் கையைவிட்டு மேலே போக ஆரம்பித்தால் மட்டும் டர்னருக்கு இன்னொரு ரிலீவர் பீட் ஃபேர்பேங்க்ஸ் என்று போயிருக்கலாம்.