பெரியப்பா விட்டுப்போன ஆறு ஏக்கர் மரக்காடு: முதலில் எதைத் தொடுவது?

புதர்வழி (கேள்வி)

வணக்கம். பெரியப்பா போன பிறகு அவருடைய ஆறு ஏக்கர் என் பெயருக்கு வந்திருக்கிறது. தோட்டம் என்று சொல்ல முடியாது, காடுதான். இளமையில் அவர் கொஞ்சம் நட்டார், மிச்சம் தானாக முளைத்தது, கடைசி இருபது வருடம் யாரும் அரிவாளோடு உள்ளே போகவில்லை. இப்போது பாதி இடத்தில் குனிந்துதான் நடக்கவேண்டும். குச்சி குச்சியாக நெருங்கி நிற்கும் மரங்கள், அவற்றின் மேல் மணிக்கட்டுத் தடிமனுக்குக் கொடிகள், ஒரு ஓரம் முழுக்க உண்ணிச்செடி, நடுவில் பதினைந்து இருபது பட்ட மரங்கள்.

பார்க்கிறவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். சுத்தம் பண்ணு, பாம்பு அடையும் என்கிறார் ஒருவர். ஒரு மர வியாபாரி வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, பெரிய மரங்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், பதிலுக்குப் புதரையும் பட்ட மரத்தையும் காசு வாங்காமல் சுத்தம் செய்து தருகிறேன் என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, அதனால்தான் சந்தேகமாகவும் இருக்கிறது. விற்கும் அவசரம் எனக்கு இல்லை. காடு காடாகவே இருக்கவேண்டும், நோஞ்சானாக இருக்கக்கூடாது, அவ்வளவுதான். எங்கிருந்து தொடங்குவது?

வைரமரம்

அந்த வியாபாரியிடம் இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டவன் நான், அதனால் சொல்கிறேன்.

எங்கள் நிலத்திலும் இதே பேச்சுதான். பெரிய மரம் என்று அவர்கள் சொல்வது நேராக, கிளைமுடிச்சு இல்லாமல், வைரம் பாய்ந்து நிற்கும் மரத்தை. நாற்பது மரம் போனது. மிஞ்சியது கோணல், கவட்டை, பொந்து, அப்புறம் அந்தப் பெரிய மரங்களின் நிழலிலேயே கிடந்து வளராமல் போனவை. சின்ன மரம் என்றால் இளமரம் என்று நினைத்திருந்தேன். விழுந்த ஒன்றின் வளையத்தை எண்ணிப் பார்த்தால் அதுவும் பெரியதும் ஏறக்குறைய ஒரே வயது! ஓட்டத்தில் தோற்றதை வைத்துக்கொண்டு ஜெயித்ததை விற்றிருக்கிறேன். இப்போது விதை விழுவதும் அந்தக் கோணல்களிலிருந்துதான். நிழலில் பழகிய பட்டையில் திடீரென்று வெயில் அடித்ததில் சில வெடித்தன, அடுத்த பெருங்காற்றில் ஏழெட்டு சாய்ந்தன.

மரத்தை விட மண் போனதுதான் எனக்கு ஆறவில்லை. ஈரத்தில் டிராக்டரை இஷ்டத்துக்கு ஓட்டினார்கள். அந்தத் தடத்தில் இன்னும் தண்ணீர் தேங்கி நிற்கிறது, ஒரு கன்று முளைக்கவில்லை. மண் இறுகுவதில் பெரும்பங்கு முதல் சில ஓட்டத்திலேயே நடந்துவிடும், அதனால் வண்டி என்றால் ஒரே தடம், அதுவும் தரை காய்ந்திருக்கும்போது மட்டும்.

பின்னால் எப்போதாவது விற்றாலும் எது போகவேண்டும் என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். ஒவ்வொரு மரத்திலும் நெஞ்சு உயரத்தில் ஒரு பெயின்ட் கோடு, வெட்டு விழும் இடத்துக்குக் கீழே தூரில் இன்னொன்று. மரம் போன பிறகு அடிக்கட்டையில் கோடு இருக்கிறதா என்று பார்த்தாலே, குறிக்காததை வெட்டினார்களா என்பது தெரிந்துவிடும்.

கல்நடு

மற்றதெல்லாம் அப்புறம். முதலில் எல்லையை அளந்து கல் போடுங்கள். இருபது வருடம் ஆள் போகாத இடத்தில் வேலி எங்கே என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது, பக்கத்து நிலத்து மரம் ஒன்றை வெட்டிவிட்டால் போதும். அதோடு, சொந்த நிலமே ஆனாலும் பல இடங்களில் சில மரங்களை வெட்ட அனுமதி வாங்கவேண்டும். அதைக் கேட்டுக்கொண்டு அரிவாளை எடுங்கள்.

அளவுகோல்

ஒரு வருடம் எதையும் வெட்டாமல் நடங்கள் என்பேன். எங்கே தண்ணீர் நிற்கிறது, எந்த மரம் எப்போது காய்க்கிறது, கீழே கன்றுகள் இருக்கின்றனவா. கன்றே கண்ணில் படவில்லை என்றால் காரணம் நிழலா, மேய்ச்சலா என்று தெரியவேண்டும். பத்துக்குப் பத்து அடியில் ஒரு சதுரத்துக்கு வலை கட்டி விட்டுவிடுங்கள். ஒரு வருடம் கழித்து உள்ளே கன்றுகள் நின்று வெளியே இல்லை என்றால் வாய் வைத்தது ஆடோ மானோ. இரண்டு பக்கமும் வெறுமை என்றால் பெரும்பாலும் வெளிச்சக் குறைவு.

நெருக்கத்தை அளக்க ஒரு சுலபமான வித்தை உண்டு. ஆஸ்திரிய வனவியலாளர் வால்டர் பிட்டர்லிக் 1940-களின் இறுதியில் கண்டுபிடித்தது. தடித்த அட்டையில் சரியாக 1 செ.மீ. அகலத்துக்கு ஒரு பிளவு வெட்டி, அதில் 50 செ.மீ. கயிறு கட்டுங்கள். கயிற்று முனையைக் கண்ணுக்குக் கீழே கன்னத்தில் அழுத்தி, கயிறு விறைக்க அட்டையைப் பிடித்து, நின்ற இடத்திலேயே ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அடிமரம் பிளவை விட அகலமாகத் தெரிந்தால் ஒன்று என்று எண்ணுங்கள். 28 வந்தால், ஹெக்டேருக்கு 28 சதுர மீட்டர் அடிமரப் பரப்பு என்று பொருள். அதாவது, ஒரு ஹெக்டேரில் உள்ள எல்லா மரத்தையும் அந்த உயரத்தில் குறுக்கே அறுத்தால் தெரியும் முகங்களின் மொத்தப் பரப்பு. முதல் தடவை செய்தபோது நானும் நம்பவில்லை, நாடா வைத்து அளந்து பார்த்துத்தான் நம்பினேன். காட்டில் ஏழெட்டு இடத்தில் எண்ணி எழுதி வையுங்கள், சில வருடம் கழித்து அதே இடங்களில் மறுபடி எண்ணினால் காடு எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும்.

கலைக்கும் நேரம், அதாவது நெருக்கம் குறையச் சில மரங்களை எடுக்கும் நேரம், வந்தால் வெட்டவேண்டிய மரத்தைத் தேடாதீர்கள், வைத்துக்கொள்ளவேண்டிய மரத்தைத் தேடுங்கள். நேரான அடிமரம், மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்காவது பச்சைத் தலை, இப்படி ஒன்று கிடைத்தால் துணி கட்டிவிடுங்கள். பிறகு அண்ணாந்து பார்த்து, அதன் தலையை இடிக்கும் ஒன்றிரண்டை மட்டும் எடுங்கள். தலைக்குக் கீழே நிற்கும் சிறியவை அதற்குப் போட்டி இல்லை, நிற்கட்டும், தண்டுக்கு நிழல். உயரத்தை விட்டத்தால் வகுத்தும் பாருங்கள். 15 மீட்டர் (1500 செ.மீ.) உயரம், 15 செ.மீ. விட்டம் என்றால் 100. எண்பதுக்குக் கீழே இருந்தால் காற்றைத் தாங்கும், நூறை ஒட்டிப் போனால் அது பக்கத்து மரங்களின் தயவில் நிற்கிறது. நீங்கள் சொல்லும் குச்சி மரங்கள் அப்படித்தான் இருக்கும், அதனால் ஒரே தடவையில் கால் பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். ஐந்தாறு வருடம் விட்டு மறுபடி.

சாரல்_அக்கா

அளவுகோல் சொன்னதில் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன் தம்பி. மரத்துக்கு ஒரு வருடம் காத்திருக்கலாம், உண்ணிச்செடிக்கு முடியாது. அது ஒரு முறை காய்த்தால் பறவை தின்று காடு முழுக்கப் போடும். மேலே வெட்டினால் நாலு தண்டாகத் துளிர்க்கும், அந்தக் கூலி வீண். மண்ணுக்குள் இரண்டு விரற்கடை கீழே ஆணிவேரை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போட்டுவிடுங்கள், மறுபடி வேர்பிடிக்காது. பூக்கும் முன்பே செய்யுங்கள். ஓரத்தில் தனியாக நிற்பவற்றில் தொடங்கி அடர்ந்த இடத்துக்குப் போங்கள். எடுத்த இடத்தை மொட்டையாக விடாமல் உள்ளூர்ப் புல்லோ கன்றோ வையுங்கள், பறவை உட்காரும் மரங்களுக்கு அடியில் இரண்டு மூன்று வருடம் நாற்றைப் பிடுங்கிக்கொண்டே இருக்கவேண்டும். சலிப்பான வேலைதான், நான் ஐந்தாவது வருடத்தில் இருக்கிறேன்.

பொந்துக்கிளி

பட்ட மரத்தை யாரும் சொல்லவில்லையே. பாதை, வேலி, வீடு, மின்கம்பி, இவற்றின் மேல் விழும் தூரத்தில் நிற்பதை மட்டும் எடுங்கள். மற்றவை நிற்கட்டும், விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும். மரங்கொத்தி குடைந்து விட்டுப்போன பொந்தில்தான் கிளியும் ஆந்தையும் குடியேறும், கட்டை மக்கி மண்ணாகும்.

கொடி பற்றி ஒரு எச்சரிக்கை. கொடி பின்னிய மரத்தை வெட்டினால் அது தனியாக விழாது, பக்கத்து மரத்தின் கிளையையும் இழுத்துக்கொண்டு எந்தப் பக்கம் வரும் என்று சொல்ல முடியாது. கலைப்பதற்கு ஆறு மாதம் முன்பே கொடியை அடியில் வெட்டிக் காயவிடுங்கள். வெட்டும் மரங்களில் மட்டும் போதும், மற்றக் கொடிகள் காட்டுக்குத் தேவை. தனியாகப் போய் மரம் வெட்டவே வெட்டாதீர்கள்.

அப்புறம் கவாத்து செய்தால் வெட்டுவாயில் தாரோ பெயின்டோ பூசவேண்டாம். ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர் அலெக்ஸ் ஷிகோ சொன்னது இது: மரம் காயத்தை நம் தோல் மாதிரி ஆற்றிக்கொள்வதில்லை, சுற்றிச் சுவர் எழுப்பி ஒதுக்கிவிடுகிறது. கிளை அடியில் லேசாகப் புடைத்திருக்கும் வளையத்தைச் சீவாமல், அதற்கு வெளியே வெட்டினால் அந்தச் சுவர் நன்றாக எழும்.

புதர்வழி

எல்லோருக்கும் நன்றி. வியாபாரிக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன், கொஞ்சம் கோபித்துக்கொண்டார். நேற்று அட்டையோடு போனேன், மூன்று இடத்தில் எண்ணினேன்: 34, 41, 19. பத்தொன்பது வந்த இடத்தில்தான் தரையில் கன்றுகள் இருந்தன, மற்ற இரண்டிலும் வெறும் சருகு. அரிவாளின் பின்புறத்தால் தட்டிக்கொண்டே வந்தபோது, நடைபாதையை ஒட்டிய பெரிய மரம் ஒன்று பானை மாதிரி சத்தம் கொடுத்தது. மேலே நல்ல பச்சை. தூரில் விசிறி மாதிரி மரக்காளான். அதை என்ன செய்ய?

பொந்துக்கிளி

பச்சையைப் பார்த்து நம்பாதீர்கள். உள்ளே வைரம் மக்கினாலும் வெளிமரம் தண்ணீரை ஏற்றிக்கொண்டேதான் இருக்கும். தூரில் காளான் என்றால் வேரிலும் போயிருக்கலாம், மரத்தைப் பற்றித் தெரிந்த ஆளிடம் காட்டுங்கள். அதுவரைக்கும் மரத்தை விட்டுவிட்டு நடைபாதையைத் தள்ளிப் போட முடியுமா என்று பாருங்கள், அதுதான் செலவு குறைவு. மரத்தின் உயரத்தை விடத் தள்ளியிருக்கவேண்டும், அவ்வளவுதான்.