இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் போட்ட கோப்புகளைத் திரும்ப எடுப்பது எப்படி?

விலைச்சீட்டு கேட்டது:

ஜவுளிக் கடை ஒன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறேன். பில் மேசைகள் எட்டு, எல்லாவற்றிலும் டெபியன் 12 (லினக்ஸ் வகை). துணியில் தொங்கவிடும் விலைச்சீட்டை அச்சடிக்க பைத்தானில் ஒரு சிறு நிரல் எழுதி வைத்திருக்கிறோம். அதை நிறுவ ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் இருக்கிறது. நிரலை /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின்-இல் நகலெடுக்கும், ரிப்போர்ட்லேப், பையூஎஸ்பி என்ற இரண்டு லைப்ரரிகளையும் பிப் (பைத்தானின் நிறுவு கருவி) மூலம் போடும், பிரிண்டரைச் செருகும்போது கணினி என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் யூடெவ் விதியை /எட்சி-யில் வைக்கும், பின்னணியில் ஓடும் சிஸ்டம்டி சர்வீஸை, கணினி தொடங்கும்போதே ஓடும்படி எனேபிள் செய்யும்.

போன மாதம் சர்வீஸின் பெயரை மாற்றினோம். புதிய ஸ்கிரிப்டை ஓட்டிய மேசைகளில் ஒவ்வொரு சீட்டும் இரண்டிரண்டாக வந்தது. பழைய சர்வீஸும் கூடவே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. இது போதாதென்று, டெபியன் 11-இலிருந்து 12-க்கு வந்த பிறகு பிப் வரியிலேயே ஸ்கிரிப்ட் நின்றுவிடுகிறது. ‘பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்’ என்ற தேர்வைக் கொடுத்தால் தாண்டிவிடலாம் என்கிறார்கள். அந்தப் பெயரைப் படித்தாலே வயிற்றைக் கலக்குகிறது.

ஒரு அன்இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் எழுதினால் போதுமா, இல்லை டெப் பேக்கேஜே (டெபியனின் நிறுவு பொட்டலம்) செய்ய வேண்டுமா? கடை மூடிய பிறகு ஒரு மணி நேரம்தான் என் கையில்.

ஸ்லாக்_கிழவர் எழுதியது:

தம்பி, அன்இன்ஸ்டால் ஸ்கிரிப்ட் வேண்டாம். இன்ஸ்டால் ஸ்கிரிப்டில் ஒரு வரி மாறும்போதெல்லாம் அதையும் மாற்ற வேண்டியிருக்கும், யாரும் மாற்றுவதில்லை. உங்கள் மேசைகளில் இல்லாதது கணக்கு. எந்தக் கோப்பு யாருடையது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

நான் ஸ்லாக்வேர் என்ற பழைய லினக்ஸ் வகையின் ஆள், எனக்கு அந்தப் பக்கத்து உதாரணம்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். பாட்ரிக் வோல்கர்டிங் 1993-இல் தொடங்கியது அது. அதன் பேக்கேஜ் கருவிகள் இன்றைக்கும் ஷெல் ஸ்கிரிப்ட்கள்தான், எடிட்டரில் திறந்து படிக்கலாம். நிறுவும் கருவியான இன்ஸ்டால்பிகேஜி செய்வது பெரிய வித்தை ஒன்றுமில்லை. டார் கோப்பை (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டியது) மூல அடைவில் விரிக்கும், விரித்த கோப்புகளின் பட்டியலை எழுதி வைக்கும், உள்ளே டூயின்ஸ்ட் என்ற ஸ்கிரிப்ட் இருந்தால் அதை ஓட்டும். பட்டியல் முன்பெல்லாம் /வார்/லாக்/பேக்கேஜஸ்-இல் இருந்தது. 2022-இல் வந்த 15.0-இலிருந்து /வார்/லிப்/பிகேஜிடூல்ஸ் அடியில். ரிமூவ்பிகேஜி அதைப் படித்து, வேறு எந்தப் பேக்கேஜின் பட்டியலிலும் இல்லாத கோப்புகளை மட்டும் எடுத்துவிடும். அப்கிரேட்பிகேஜி புதியதை முதலில் நிறுவிவிட்டு, பழைய பட்டியலில் மட்டும் மிஞ்சியவற்றைக் களையும். இந்தக் கடைசி வேலையைச் செய்ய ஆளில்லாததால்தான் உங்களுக்கு இரட்டைச் சீட்டு. (சார்புகளை, அதாவது ஒரு பேக்கேஜுக்குத் தேவைப்படும் மற்றப் பேக்கேஜ்களை, அது பார்க்காது. அதைப் பற்றிச் சண்டை போடும் வயது எனக்குப் போய்விட்டது.)

ஸ்கிரிப்டைத் தூக்கி எறிய வேண்டாம், அதற்கு வேறு வேலை கொடுங்கள். ஒரு வெற்று அடைவுக்குள் எல்லாக் கோப்புகளையும் அதனதன் பாதையோடு அடுக்கட்டும். மேக்ஃபைல்களில் (நிரலைக் கட்டி நிறுவும் கட்டளைகள் உள்ள கோப்புகள்) டெஸ்ட்டிர் என்றொரு மாறி இருப்பது இதற்காகத்தான். அடுக்கியதைப் பொட்டலமாகக் கட்டுவது கடைசி வரி. சாதாரணப் பயனராகவே இவ்வளவும் நடக்க வேண்டும். சூடோ (நிர்வாகி உரிமை) கேட்கிறது என்றால், அடைவுக்கு வெளியே எதையோ தொடப் பார்க்கிறது.

தாமிரபரணி எழுதியது:

பெரியவர் சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். சர்வீஸை விவரிக்கும் யூனிட் கோப்பு அழிந்தாலும் ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ் தானாக நிற்காது. அதை நிறுத்துவது பேக்கேஜின் ஸ்கிரிப்ட் வேலை.

டெபியனில் இதைச் செய்ய பெரிய கருவிகள் வேண்டியதில்லை. அடுக்கிய அடைவுக்குள் பெரிய எழுத்தில் ‘டெபியன்’ என்று ஓர் அடைவு, அதில் ‘கன்ட்ரோல்’ கோப்பு. பெயர், பதிப்பு, ஆர்க்கிடெக்சர், பராமரிப்பவர், விளக்கம், சார்புகள் என்று ஆறேழு வரி. சார்புகளில் பைத்தான்3-ரிப்போர்ட்லேப், பைத்தான்3-யூஎஸ்பி இரண்டையும் எழுதுங்கள். பிப் தலைவலி அதோடு சரி. நிரலை /ஆப்ட்-இல் வையுங்கள், சர்வீஸும் யூடெவ் விதியும் /லிப் அடியில் போகட்டும். பொட்டலம் கட்டும் டிபிகேஜி-டெப் கட்டளையில் ‘ரூட் ஓனர் குரூப்’ தேர்வைச் சேர்த்தால் கோப்புகளெல்லாம் ரூட் (நிர்வாகி) பெயரில் பதிவாகும். நிறுவும்போது டிபிகேஜி -ஐ வேண்டாம், அது சார்புகளைக் கொண்டுவராது. ஏபிடி இன்ஸ்டாலுக்குக் கோப்பின் பாதையைக் கொடுங்கள், முன்னால் புள்ளியும் சாய்கோடும் மறக்காமல்.

ஏற்கெனவே சிதறிக் கிடப்பவற்றை டிபிகேஜிக்குத் தெரியாது. முதல் பதிப்பின் போஸ்ட்இன்ஸ்டில் (நிறுவிய பின் ஓடும் ஸ்கிரிப்ட்) பழைய சர்வீஸை நிறுத்தி டிஸேபிள் செய்து, அந்தக் கோப்புகளை முழுப் பாதையோடு ஒவ்வொன்றாக அழியுங்கள்.

அரைப்புள்ளி எழுதியது:

‘முழுப் பாதையோடு’ என்பதை அடிக்கோடிட வந்தேன். 2011-இல் பம்பிள்பீ என்ற லினக்ஸ் திட்டத்தின் இன்ஸ்டால் ஸ்கிரிப்டில், அடைவோடு அழிக்கும் ஆர்எம் -ஆர்எஃப் வரியில், /யூஎஸ்ஆர்-க்குப் பின் ஓர் இடைவெளி கூடுதலாக விழுந்தது. ஒரு பாதை இரண்டாகி, முழு /யூஎஸ்ஆர் அடைவும் போனது. 2015 ஜனவரியில் ஸ்டீம் என்ற விளையாட்டுச் செயலியின் லினக்ஸ் பதிப்பு ஸ்கிரிப்டில், அழிக்கும் வரியில், நிறுவிய அடைவின் பாதையை வைத்திருக்க வேண்டிய மாறி வெறுமையானது. அதன் பின் ஒரு சாய்கோடும் நட்சத்திரமும் இருந்தன. என்ன அழிந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

‘செட் -யூ’ போட்டால் காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். ஸ்டீம் விஷயத்தில் காப்பாற்றியிருக்காது. அது அறிவிக்கப்படாத மாறியைத்தான் பிடிக்கும். மதிப்புக் கொடுத்து அது வெறும் சரமாக இருந்தால் விட்டுவிடும். நெளிவடைப்புக்குள் மாறியின் பெயருக்குப் பின் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் போடுங்கள். வெறுமையாக இருந்தாலும் ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும்.

விலைச்சீட்டு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு ஒரு மேசையில் செய்து பார்த்தேன், ஏபிடி தானே லைப்ரரிகளைக் கொண்டுவந்தது. இரண்டு சந்தேகம். பேக்கேஜை நீக்கினால் அச்சு வரலாறு இருக்கும் /வார்/லிப் அடைவையும் அழிக்க போஸ்ட்ஆர்எம்-இல் (நீக்கிய பின் ஓடும் ஸ்கிரிப்ட்) எழுதியிருக்கிறேன், சரிதானே? மூன்றாவது மேசையில் பிரிண்டர் வேறு மாடல், அங்கே /எட்சி-யில் இருக்கும் அமைப்புக் கோப்பு கையால் திருத்தியது. அதன் கதி?

தாமிரபரணி எழுதியது:

நல்லவேளை கேட்டீர்கள். போஸ்ட்ஆர்எம் நீக்கும்போது மட்டும் ஓடுவதில்லை. புதிய பதிப்புக்கு மாறும்போதும் பழைய பதிப்பின் போஸ்ட்ஆர்எம் ஓடும், அப்போது அதற்குத் தரப்படும் முதல் அளவுரு ‘அப்கிரேட்’. அதைப் பார்க்காமல் அழித்தால் ஒவ்வொரு மேம்படுத்தலிலும் வரலாறு போய்விடும். முதல் அளவுரு ‘பர்ஜ்’ (அமைப்புக் கோப்புகளோடு முழுதாக நீக்குவது) என்றால் மட்டும் அழியுங்கள். ப்ரிஆர்எம்-உம் (நீக்கும் முன் ஓடுவது) அப்படியே: ‘ரிமூவ்’ என்றால் சர்வீஸை நிறுத்தி டிஸேபிள், ‘அப்கிரேட்’ என்றால் நிறுத்துவது மட்டும்.

அமைப்புக் கோப்பின் பாதையைக் ‘கான்ஃபைல்ஸ்’ என்ற கோப்பில் ஒரு வரியாக எழுதி கன்ட்ரோல் பக்கத்தில் வையுங்கள். திருத்தியிருந்தால் டிபிகேஜி சத்தமில்லாமல் மேலெழுதாது, எதை வைப்பது என்று கேட்கும். இரவில் எட்டு மேசைக்கும் ஒரே ஸ்கிரிப்டில் ஓட்டுவதானால் அந்தக் கேள்வியிலேயே நின்றுகொண்டிருக்கும். ‘ஃபோர்ஸ் கான்ஃபோல்ட்’ தேர்வைக் கொடுங்கள், திருத்திய கோப்பு இருந்தபடியே இருக்கும், புதியது ‘டிபிகேஜி-டிஸ்ட்’ என்ற வாலோடு பக்கத்தில் வந்து உட்காரும்.