கான்ஃபரன்ஸுக்கு நேரில் போனவர்களும் வீட்டிலிருந்து பார்த்தவர்களும்: அனுபவப் பகிர்வு

கோவையிலிருந்து:

பைத்தான் என்ற புரோகிராமிங் மொழிக்காக நடக்கும் பைகான் இந்தியா கான்ஃபரன்ஸ் 2009-இல் பெங்களூரில் தொடங்கியது. சென்னைக்கு வந்தது 2019 அக்டோபரில்தான், நந்தம்பாக்கம் டிரேட் சென்டருக்கு. நான் நேரில் போன முதல் பெரிய கான்ஃபரன்ஸ் அது. பைத்தான் வல்லுநர் டேவிட் பீஸ்லி மேடையேறி, எங்கள் கண்ணெதிரே ஒரு வெப்அசெம்பிளி இன்டர்பிரட்டரை (பிரவுசர்களில் ஓடும் வெப்அசெம்பிளி புரோகிராம்களை இயக்கிக் காட்டும் மென்பொருள்) பைத்தானில் எழுதத் தொடங்கினார். கடைசியில் ரஸ்ட் என்ற வேறொரு மொழியில் எழுதிய ஒரு விளையாட்டை அதில் ஓட்டியும் காட்டினார். அரங்கமே கைதட்டியது.

ஆனால் அந்த உரை எனக்குப் புரிந்தது ஊருக்கு வந்து யூடியூபில் பார்த்தபோதுதான். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், கூடவே நானும் அந்தப் புரோகிராமை அடித்துப் பார்த்தேன். அதனால் உரை கேட்பதற்காக மட்டும் ரயில் ஏற வேண்டியதில்லை என்பது என் முடிவு.

போக வேண்டியது டெவ் ஸ்பிரிண்டுக்கு, அதாவது எல்லோரும் கூடி உட்கார்ந்து புரோகிராம் எழுதும் நிகழ்வுக்கு. ஒரு ஓப்பன் சோர்ஸ் புராஜெக்டை (யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருளை) பராமரிப்பவர் மேசையில் உட்கார்ந்திருப்பார், யார் வேண்டுமானாலும் லேப்டாப்போடு போய்ச் சேர்ந்துகொள்ளலாம். நான் போய் உட்கார்ந்தேன். காலை முழுக்க புராஜெக்ட் என் லேப்டாப்பில் பில்ட் ஆகவே இல்லை, ஓடும் நிலைக்கே வரவில்லை. அவர் இரண்டு நாற்காலி தள்ளி இருந்தார். என் முகத்தைப் பார்த்தே எழுந்து வந்து, திரையை எட்டிப் பார்த்து, "பழைய வெர்ஷன் லைப்ரரி இருக்கு, அதை எடுத்துடுங்க" என்றார். சாயங்காலம் அதில் விடுபட்டிருந்த ஒரு டெஸ்டை (புரோகிராம் சரியாக ஓடுகிறதா என்று சோதிக்கும் பகுதி) எழுதி, சேர்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினேன். இப்படி அனுப்புவதைத்தான் புல் ரிக்வெஸ்ட் என்பார்கள். என் முதல் புல் ரிக்வெஸ்ட்! இன்றும் அந்தப் புராஜெக்டில் வேலை செய்கிறேன்.

2020-இல் கொரோனாவால் பைகான் இந்தியா ஆன்லைனுக்குப் போனது. இம்முறையும் ஸ்பிரிண்டில் சேர்ந்தேன், இம்முறையும் பில்ட் எரர். சாட்டில் கேட்டேன். பதில் வருவதற்குள் பொறுமை போய்விட்டது. யார் திணறுகிறார்கள் என்று அங்கே யாருக்குமே தெரியாது. வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு. புதிதாக வருபவர் அதைத்தான் சொல்ல மாட்டார்.

கேள்வி கேட்பதில் மட்டும் ஆன்லைன்தான் எனக்குக் கைகொடுத்தது. அரங்கில் மைக் முன்னால் வரிசையில் நின்று, அத்தனை பேர் பார்க்க ஆங்கிலத்தில் கேட்பதற்குத் தமிழ் வழியில் படித்துவந்த நம்மில் பலருக்கு நா எழாது. சாட்டில் நிதானமாக எழுதி, அழித்து, திருத்தி அனுப்பலாம். என் கேள்வியை ஒருங்கிணைப்பாளர் வாசித்தார். பேசியவர் அதை எடுத்துக்கொண்டு விளக்கமாகப் பதில் சொன்னார். அரங்கிலும் இப்படி எழுதிக் கேட்க ஒரு வழி வைத்தே ஆக வேண்டும்.

அப்புறம், வீட்டிலிருந்து கலந்துகொள்வதென்றாலும் லீவு போட்டுவிடுங்கள். லீவு போட்டும்கூட எனக்கு ஆபீஸிலிருந்து போன் வந்தது: "வீட்டுலதானே இருக்கீங்க, இந்த டிக்கெட்டை மட்டும் பார்த்துடுங்களேன்." டிக்கெட் என்றால் முடிக்க வேண்டிய ஆபீஸ் வேலை. அதோடு அந்த மதியம் போயிற்று.

ஜெர்மனியிலிருந்து:

கோவை நண்பர் சொன்ன ஸ்பிரிண்ட் விஷயம் நூற்றுக்கு நூறு சரி. நான் போவது பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் பிப்ரவரித் தொடக்கத்தையொட்டி நடக்கும் ஃபாஸ்டெம் என்ற ஓப்பன் சோர்ஸ் கான்ஃபரன்ஸுக்கு. கட்டணம் இல்லை, முன்பதிவும் இல்லை. பல்கலைக்கழக வளாகத்துக்குள் நேராக நடந்து போய்விடலாம். சிக்கல் என்னவென்றால், வகுப்பறைகள் சின்னவை. அறை நிறைந்ததும் கதவில் 'இடமில்லை' என்று அட்டை போட்டுவிடுவார்கள். ஆசைப்பட்டுப் போன உரைக்கு, குளிரில் வந்த களைப்போடு அறைக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

2021, 2022 இரண்டும் ஆன்லைன். அப்போது ஒரு நல்ல விஷயம் நடந்தது. உரைகளை முன்கூட்டியே பதிவு செய்துவிட்டார்கள். அதனால் தன் உரை ஓடிக்கொண்டிருக்கும்போதே பேசுபவர் மேட்ரிக்ஸ் என்ற சாட் வசதியில் உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டிருந்தார். மேடையில் நிற்கும் ஆளால் இது முடியாது. தமிழ்நாட்டில் இருக்கும் என் நண்பர்களும் பார்த்தார்கள். பிரஸ்ஸல்ஸில் காலை 9 மணி என்றால் அங்கே மதியம் 1.30 என்பதால் அவர்களுக்கும் தோதாக இருந்தது. 2023-இல் மீண்டும் நேரில் தொடங்கியபோதும் நேரலையை நிறுத்தவில்லை. அதற்காகவே அந்தத் தன்னார்வலர்கள் மேல் எனக்குப் பெரிய மரியாதை.

நேரில் தனியாகப் போகிறவர்களுக்கு ஒன்று. எரிக் ஹோல்ஷர் என்பவர் சொன்ன 'பேக்மேன் விதி' பல கான்ஃபரன்ஸ்களில் வழக்கத்தில் இருக்கிறது. கூட்டமாக நின்று பேசும்போது வட்டத்தை மூடாமல், இன்னொருவர் வந்து நிற்கும் அளவுக்கு இடம் விட வேண்டும். பழைய வீடியோ கேமில் வரும் பேக்மேனின் திறந்த வாய் மாதிரி. அந்த இடைவெளி தெரிந்தால் தயங்காமல் போய் நில்லுங்கள், உங்களுக்காகத்தான் விட்டிருக்கிறார்கள். தமிழர்கள் நாமும் கூடி நின்று தமிழிலேயே பேசத் தொடங்கிவிடுவோம். பக்கத்தில் வேறு மொழிக்காரர் வந்தால் உடனே பேச்சை மாற்றிவிடுவது நல்லது.

மதுரையிலிருந்து:

அண்ணன்கள் இருவரும் நேரில் போவதன் அருமையைச் சொல்லிவிட்டீர்கள். நான் கைக்குழந்தையை வைத்துக்கொண்டிருந்த காலம் அந்த 2020, 2021. பிட்ஸ்பர்க்கில் நடக்க வேண்டிய அமெரிக்க பைகான் 2020-இல் ஆன்லைனுக்கு வந்ததால்தான் எனக்கு அது எட்டியது. பாப்பா தூங்கும்போது ஹெட்போனை மாட்டிக்கொண்டு பார்த்தேன். வேலையை விட்டு விலகி இருந்த நேரத்தில், டெவலப்பர் என்கிற நினைப்பு போகாமல் என்னைப் பிடித்து வைத்தது அதுதான்.

நிலைமை சரியானதும் ஒவ்வொன்றாக நேரில் நடத்தத் தொடங்கினார்கள். எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குக் கதவு சாத்தின மாதிரி இருந்தது. பெங்களூரு போய் இரண்டு ராத்திரி தங்குவதென்றால் வீட்டில் எத்தனை பேரிடம் கேட்க வேண்டும்! பணம் அடுத்த கவலைதான். அதற்காவது நிதியுதவி கேட்டு விண்ணப்பிக்கலாம். குழந்தையை யார் பார்ப்பது? அமெரிக்க பைகானில் குழந்தைப் பராமரிப்பு ஏற்பாடு செய்கிறார்கள். நம் பக்கம் கான்ஃபரன்ஸ் நடத்துபவர்கள் டிஷர்ட் செலவைக் குறைத்தாவது அதைச் செய்ய வேண்டும். நேரில் வர முடியாதவர்களுக்கு நேரலையும், சாட்டில் கேட்கும் கேள்வியை அரங்கில் வாசிக்க ஓர் ஆளும் வேண்டும்.

கோவை அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரி ஸ்பிரிண்ட் ஒன்றை மதுரையிலோ திண்டுக்கல்லிலோ ஒரே ஒரு நாள் வைக்க முடியுமா? சனிக்கிழமை என்றால் அம்மா பாப்பாவைப் பார்த்துக்கொள்வார். இடம் பிடித்துத் தருவது என் பொறுப்பு.