விட்சர் 3-க்கு இரண்டு டிஎல்சியும் வாங்கலாமா, போட்ட காசு தேறுமா?

கட்டபெட்டு_கெரால்ட்:

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கும் ஊட்டிக்கும் நடுவில் கட்டபெட்டுப் பக்கம் வீடு. போன தள்ளுபடியில் தி விட்சர் 3 என்ற கணினி விளையாட்டை வாங்கினேன், வெறும் கேம் மட்டும், டிஎல்சி (கேமுக்குப் பிறகு தனியாக வரும் கூடுதல் பகுதி) எதுவும் இல்லாமல். அப்போது அதுவே போதும் என்று தோன்றியது. இப்போது லெவல் 24. கேமில் வரும் வெலன், நோவிகிராட் எல்லாம் சுற்றி, வழியில் கிடைத்த வேலையையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்து, ஒருவழியாகக் கப்பல் உடைந்து ஸ்கெலிகெ தீவில் கரை ஒதுங்கியிருக்கிறேன். வேலைக்குக் குன்னூர் போய் வருகிறேன், இரவு ஒன்பதுக்கு மேல்தான் கணினிப் பக்கம் உட்கார முடியும், அதனால் ஆரம்பித்து ஐந்து மாதம் ஆகிறது. "அந்தக் குதிரைக்காரன் இன்னுமா ஊர் போய்ச் சேரவில்லை" என்று அம்மாவே கேட்க ஆரம்பித்துவிட்டார்.

கேள்வி இதுதான். கோயம்புத்தூரில் இருக்கும் நண்பன் ஒருவன், இரண்டாவது டிஎல்சியான பிளட் அண்ட் வைன் விளையாடாதவன் விட்சர் விளையாடினேன் என்றே சொல்லக்கூடாது என்கிறான். கூட வேலை செய்யும் அண்ணன் ஒருவரோ, டிஎல்சி என்பதே முதலில் முழுசாகக் கொடுக்க வேண்டியதில் ஒரு துண்டை வெட்டி எடுத்து அப்புறம் விற்பதுதான், ஏமாறாதே என்கிறார். பச்சைத் தேயிலை விலை இருக்கிற லட்சணத்தில் வீட்டில் கணக்குச் சொல்லித்தான் செலவு செய்ய வேண்டியிருக்கிறது. நெட்டும் போன் ஹாட்ஸ்பாட்தான், அதையும் ஜன்னல் ஓரம் வைத்தால்தான் சிக்னல். ஆகவே வாங்கலாமா, வாங்கினால் எது முதலில், கதை முடித்த பிறகா இப்போதேவா? கதையை மட்டும் உடைத்துவிடாதீர்கள்.

லவ்டேல்வாசி:

வாங்குங்கள். ஆனால் உங்கள் நண்பர் சொல்வதற்கு நேர்மாறான வரிசையில் சொல்வேன்: முதலில் மற்ற டிஎல்சியான ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன்.

இரண்டும் வேறு வேறு ரகம். ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன் 2015 அக்டோபரில் வந்தது, அதாவது கேம் வந்து ஐந்தே மாதத்தில். பத்து மணி நேரக் கதை. புது நாடெல்லாம் கிடையாது, நோவிகிராட் வரைபடத்தின் வடகிழக்கு ஓரத்தைக் கொஞ்சம் நீட்டியிருப்பார்கள், அவ்வளவுதான். இடம் சின்னது, கதை பெரிது. அதில் வரும் வில்லனை நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டீர்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? கேம் தொடங்கின புதிதில், ஒயிட் ஆர்ச்சர்ட் சத்திரத்தில், நாயகனின் காதலி யென்னெஃபரைத் தேடும்போது ஒரு கண்ணாடி வியாபாரி தானாக வந்து துப்புக் கொடுப்பானே, அவன்தான். இதற்கு மேல் சொல்லமாட்டேன். ஒரு கல்யாண வீட்டுக்கு நம் நாயகன் கெரால்ட் போவது ஒரு பகுதி. அங்கே பன்றி பிடிப்பதும் குடிப்பதும் ஆடுவதுமாக நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறையிலிருந்து அப்பா எழுந்து வந்து பார்த்தார். அதற்கு அடுத்ததாக ஒரு பெண்ணின் நினைவுகளுக்குள் போகும் பகுதி வரும். அதை முடித்த இரவு சரியாகத் தூங்கவில்லை.

பிளட் அண்ட் வைன் 2016 மே 31. இது சுமார் இருபது மணி நேரம், டூசான் என்று தனி நாடே உண்டு. நான் அதை விளையாடியது ஒரு ஜூலையில். வெளியே பத்து நாளாகச் சூரியன் தலைகாட்டவில்லை, துணி காயவில்லை, சுவரெல்லாம் ஓதம். திரையில் அந்த வெயிலையும் மஞ்சள் வயலையும் பார்த்தபோது கண் கூசியது, மெய்யாகவே. அந்த வருடம் தி கேம் அவார்ட்ஸில் சிறந்த ஆர்பிஜி (பாத்திரமேற்று ஆடும் கேம்) விருது முழு கேம்களையெல்லாம் தள்ளிவிட்டு இந்த டிஎல்சிக்குத்தான் போனது. ஒரு வங்கிக்குப் போய் தன் பணத்தைத் தானே எடுக்க கெரால்ட் படிவத்துக்காகக் கவுண்டர் கவுண்டராக அலையும் ஒரு சின்ன வேலை உண்டு. பட்டா மாறுதலுக்கு அலைந்தவர்கள் யாரும் அதைப் பார்த்துக் கண்கலங்காமல் இருக்க முடியாது.

குதிரைக்கவசம்:

மேலே உள்ளவர் சொன்னது பொய்யில்லை, ஆனால் எல்லோரும் விட்சரையே உதாரணம் காட்டி டிஎல்சி நல்லது என்கிறார்கள். வகுப்பில் முதல் மாணவனைக் காட்டிப் பள்ளிக்கூடமே நன்றாக நடக்கிறது என்பது போல இருக்கிறது.

என் பெயருக்கே காரணம் 2006-இல் ஓப்ளிவியன் என்ற கேமுக்கு வந்த குதிரைக் கவசம்தான். இரண்டரை டாலர். குதிரைக்குச் சட்டை. கதை கிடையாது, புது இடம் கிடையாது. அன்றைக்கு உலகமே சிரித்தது. இன்றைக்கு அதே மாதிரி அலங்காரச் சாமான்களை அதைவிடக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள், யாரும் சிரிப்பதில்லை. அப்புறம் டிராகன் ஏஜ் ஆரிஜின்ஸ், 2009. நம் முகாமில் ஒருவன் பாவமாக நின்றுகொண்டு உதவி கேட்பான், சரி என்று சொன்னால் இதற்கு டிஎல்சி வாங்க வேண்டும் என்று கடையைத் திறப்பார்கள். சாமான் போட்டு வைக்க ஒரு பெட்டிகூட அந்த டிஎல்சிக்குள்தான் இருந்தது! அதே தொடரில் இன்க்விசிஷன் 2014-இல் வந்தது, கதையின் உண்மையான முடிவு அடுத்த செப்டம்பரில் ட்ரெஸ்பாசர் என்று தனியாக விற்பனைக்கு வந்தது. ட்ரெஸ்பாசர் அருமையான டிஎல்சி, அதுதான் எரிச்சலே. மோசமாக இருந்திருந்தால் விட்டுத் தொலைத்திருக்கலாம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். லெவல் 24-இல் இருக்கிறீர்கள். ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோனுக்கு 30-க்கு மேல், பிளட் அண்ட் வைனுக்கு 34 வாக்கில் என்று கேமே சொல்லும். இன்னும் பல வாரத்துக்கு இரண்டும் உங்களுக்கு உதவாது. எதற்கு இப்போதே காசு? நான் எல்டன் ரிங் டிஎல்சியை 2024 ஜூனில் வந்த அன்றைக்கே வாங்கினேன். உள்ளே போக ராடான், மோக் என்ற இரண்டு பேரைத் தோற்கடித்திருக்க வேண்டும். மோக் இருக்கும் இடமே எனக்கு அதுவரை தெரியாது. மூன்று வாரம், வாங்கிய சாமானைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று. பால்டர்ஸ் கேட் 3-க்குக் காசு கொடுத்து வாங்கும் கதை டிஎல்சியே கிடையாது, 2025 ஏப்ரலில் 12 புது துணைவகுப்புகளை (நாயகனுக்கான திறமைப் பிரிவுகளை) சும்மா கொடுத்தார்கள். விட்சர்காரர்களும் 16 சின்ன டிஎல்சிகளை இலவசமாகத்தான் கொடுத்தார்கள். அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கும், போய்ப் பாருங்கள். பிளட் அண்ட் வைன் பற்றி என் கருத்தைக் கேட்டால் அடிக்க வருவீர்கள்: முக்கியக் கதை நன்று, மீதி வரைபடம் முழுக்கப் போய்ப் பார்க்கச் சொல்லும் கேள்விக்குறிகள், அதே கொள்ளைக்கூட்டம், அதே பெட்டி. ஸ்கெலிகெ கடலில் பீப்பாய் பொறுக்கிக் களைத்தவனுக்கு அது இன்னொரு சுமை.

லவ்டேல்வாசி:

@குதிரைக்கவசம் ஸ்கெலிகெ பீப்பாய்களை யார் உங்களைப் பொறுக்கச் சொன்னது? அது நோய்.

பழைய_சிடி:

குன்னூரிலிருந்து ஒரு கிழவன் (44) எழுதுகிறேன். டிஎல்சி என்ற பெயர் வருவதற்கு முன்னால் எக்ஸ்பான்ஷன் என்று அட்டைப் பெட்டியில் வந்தது. 2001-இல் டையப்லோ 2-க்கு லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன், பால்டர்ஸ் கேட் 2-க்குத் த்ரோன் ஆஃப் பால், இரண்டும் கோயம்புத்தூரில் ஒரு கடையில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் மலை ஏறினேன். அன்றைக்கும் வெட்டி விற்கிறான் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அந்த சிடிகள் இப்போது எங்கள் ஊர் ஈரத்தில் பூசணம் பிடித்து வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடக்கின்றன. டவுன்லோடில் அந்தத் தொல்லை மட்டும் இல்லை.

நான் சொல்ல வந்தது வேறு. இத்தனை மணி நேரத்துக்கு இத்தனை ரூபாய் என்று கணக்குப் போடாதீர்கள் தம்பி. ஸ்கைரிமுக்கு மூன்று டிஎல்சி வந்தது. டான்கார்டும் டிராகன்பார்னும் பெரியவை, தலா 20 டாலர். நடுவில் ஹார்த்ஃபயர் என்று ஐந்து டாலருக்கு ஒன்று. வீடு கட்டலாம், பிள்ளைகளைத் தத்தெடுக்கலாம், வேறொன்றும் இல்லை. நான் அதிகம் விளையாடியது அதைத்தான். ஏரிக்கு மேலே மனை, ஐயாயிரம் பொற்காசு கொடுத்தால் அன்றைக்கே கையில் பத்திரம். நீலகிரியில் ஒரு அறை கூடுதலாகக் கட்ட அனுமதி வாங்கிப் பார்த்தவர்களுக்கு அது எப்பேர்ப்பட்ட மாயாஜாலக் கற்பனை என்று புரியும். எந்தப் பக்கம் ஜன்னல் வர வேண்டும் என்று என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து சொல்வார், கேம் பக்கமே திரும்பாதவர். டிராகன்பார்னில் டிராகன் மேல் ஏறிப் பறந்ததைவிட அந்தச் சமையலறை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

ஆகவே கேமில் உங்களுக்கு எது பிடிக்கிறது என்று பாருங்கள். பேச்சும் ஆட்களும் பிடித்தால் ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன். ஊர் சுற்றுவது பிடித்தால் மற்றது. அதில் உங்களுக்கு ஒரு திராட்சைத் தோட்டமும் வீடும் கிடைக்கும். வீட்டிலேயே தேயிலைத் தோட்டத்தோடு மல்லுக்கட்டுகிறவருக்கு அது ஓய்வா தண்டனையா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் :)

மழைக்காலம்_கூடலூர்:

எல்லோரும் கதையைப் பேசிவிட்டீர்கள், நான் நெட்டையும் கரண்டையும் பேசுகிறேன், மலையில் இதுதான் முதல் பாஸ் ஃபைட் (பெரிய வில்லனோடு மோதும் சண்டை).

முதலில் எங்கே வாங்கினீர்கள் என்று பாருங்கள். ஸ்டீம் என்ற இணையக் கடையில் கேம் வைத்துக்கொண்டு டிஎல்சி மட்டும் ஜிஓஜி என்ற இன்னொரு கடையில் மலிவாக இருக்கிறது என்று வாங்கினால் ஒட்டாது. இரண்டும் ஒரே கடையில் இருக்க வேண்டும். ஸ்டீம் என்றால் டவுன்லோட் பாதியில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். அதைவிட சுலபமான வழி, உங்கள் கோயம்புத்தூர் நண்பர் வீட்டில் உங்கள் கணக்கில் நுழைந்து இறக்கி, கேம் ஃபோல்டரை ஹார்ட் டிஸ்கில் போட்டுக்கொண்டு வந்து, இங்கே அதே இடத்தில் வைத்துச் சரிபார்க்கச் சொன்னால் போதும், விட்டுப்போன கொஞ்சத்தை மட்டும் இறக்கும். ஜிஓஜி என்றால் ஆஃப்லைன் இன்ஸ்டாலரே தருவார்கள், இன்னும் எளிது.

பிடிக்காவிட்டால் பணம் திரும்பக் கேட்கலாம். ஸ்டீமில் டிஎல்சி வாங்கி 14 நாளுக்குள், வாங்கிய பிறகு கேமை இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் பொதுவாகக் கொடுத்துவிடுவார்கள். தள்ளுபடி வரும்போது தனித்தனி விலையோடு, இரண்டும் சேர்ந்த எக்ஸ்பான்ஷன் பாஸ் விலையையும் ஒப்பிடுங்கள். முதலிலேயே எல்லாம் சேர்ந்த கம்ப்ளீட் எடிஷனைப் பார்த்திருக்கலாம், பல தடவை அதுவே அடிமாட்டு விலைக்குப் போகும். சரி, போனது போகட்டும்.

கரண்ட். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்ததே, அந்த வாரம் எங்கள் பக்கம் மரம் விழாத கம்பி கிடையாது. குந்தாவிலும் பைக்காராவிலும் நம் மலைத் தண்ணீரில்தான் மின்சாரம் எடுக்கிறார்கள், மெழுகுவர்த்தி ஏற்றி உட்காருவதும் நாம்தான். டெஸ்க்டாப் என்றால் டிஎல்சிக்கு முன்னால் ஒரு நல்ல யுபிஎஸ் வாங்குங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் கையால் சேவ் செய்யும் பழக்கம் வேண்டும், ஆட்டோசேவை நம்பாதீர்கள்.

குதிரைக்கவசம்:

யுபிஎஸ் பற்றிச் சொன்னாரே, இந்தத் திரியிலேயே காசுக்குத் தேறும் டிஎல்சி அதுதான்.

கட்டபெட்டு_கெரால்ட்:

எல்லோருக்கும் நன்றி, தாமதமாக வருகிறேன், மன்னிக்கவும். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். அப்போது எதுவும் வாங்கவில்லை, குதிரைக்கவசம் அண்ணன் சொன்னதைக் கேட்டு முதலில் கதையை முடித்தேன். முடித்த பிறகு இரண்டு நாள் ஒன்றும் ஓடவில்லை, அந்த ஊர்களையெல்லாம் விட்டு வந்தது மாதிரி இருந்தது. பசி இருக்கிறது என்று அப்போது தெரிந்தது. அடுத்த தள்ளுபடியில் ஹார்ட்ஸ் ஆஃப் ஸ்டோன் மட்டும் வாங்கி, கோயம்புத்தூர் போய் ஹார்ட் டிஸ்கில் கொண்டுவந்தேன். வெட்டி விற்றது என்று சொன்ன அண்ணனிடம் கண்ணாடி வியாபாரி விஷயத்தைச் சொன்னேன். "பார்த்தாயா, முதல் நாளே திட்டம் போட்டிருக்கிறான்" என்கிறார். அவரை ஜெயிக்க முடியாது.

யுபிஎஸ் வாங்கவில்லை. ஆக்ஸன்ஃபர்ட் சாக்கடைக்குள் ஒரு ராட்சதத் தவளை இருக்கிறதே, நேற்று இரவு அதனிடம் ஏழு முறை செத்தேன். எட்டாவது முறை அதன் உயிர் ஒரு விரல்கடை மிச்சம், கரண்ட் போய்விட்டது. போனில் இருந்து எழுதுகிறேன், இன்னும் வரவில்லை. அந்த விஷத்துக்கு என்ன செய்வது?

லவ்டேல்வாசி:

கேமில் கோல்டன் ஓரியோல் என்ற மருந்து இருக்கிறதே, அதைக் குடித்துவிட்டு இறங்கு, விஷம் ஒன்றும் செய்யாது. நாக்கை நீட்டும்போது உருண்டு விலகு. முதலில் சேவ் செய்.