பாலாடையின் மூக்கும் கெண்டியின் மூக்கும்

மதுரையிலிருந்து:
அன்புடையீர், எங்கள் கல்லூரிக் காட்சிக்கூடத்தில் பழைய சமையலறைப் பாத்திரங்கள் 40 வைக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் உறுப்புகளைக் குறித்து ஓர் அட்டை. திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. குடம் வரையில் சிக்கலில்லை: விளிம்புக்கு ரிம், கழுத்துக்கு நெக், தோளுக்கு ஷோல்டர். தூக்குவாளியின் காதுக்கு இயர் என்று எழுதினால் சிரிப்பார்களோ என்று தயங்கினேன். முழுதாக மாட்டிக்கொண்டது மூக்கில். கெண்டி என்ற நீர்ப்பாத்திரத்தின் மூக்கு நாற்புறமும் மூடிய குழாய், ஆங்கிலத்தில் ஸ்பவுட். குழந்தைக்குப் பால் புகட்டும் சிறு கிண்ணமான பாலாடையின் மூக்கோ விளிம்பே ஒரு பக்கம் நீண்டு குவிந்தது, மேலே திறந்திருக்கிறது. அதற்கு லிப் பொருந்துகிறது. அவர்களுக்கு இரண்டு சொல், நமக்கு இரண்டுமே மூக்கு. பாத்திரங்கள் ஒரே மேசையில் அருகருகே இருக்கின்றன. தமிழ் அட்டையில் என்ன எழுதுவது?

கும்பகோணத்திலிருந்து:
காதுக்கு அஞ்ச வேண்டாம் அம்மா. தொல்லியலார் பானைப் பிடிக்கு எழுதும் லக் என்ற சொல்லுக்கும் காது என்று ஒரு பொருள் உண்டு. ஆனால் தூக்குவாளியில் காது வேறு, பிடி வேறு. பக்கத்துக்கு ஒன்றாக ஆணி அடித்துத் தறைந்த தகட்டுத் துண்டுகள் காது. அவற்றின் துளையில் நுழைந்து, நுனி கொக்கியாக வளைந்து, தலைக்கு மேலே வில்லாக நிற்கும் கம்பி பிடி. அந்தக் கம்பிக்கு ஆங்கிலத்தில் பெயில். ஹேண்டில் என்று பொதுவாக எழுதிவிட்டால் கழன்றது காதா கம்பியா என்று பட்டறையில் சொல்ல முடியாது. மூக்கைப் பொறுத்தவரை எங்கள் கடையில் எல்லாமே மூக்குதான். மூக்கு ஒழுகுகிறது என்று கொண்டு வருவார்கள், பற்றவைத்துக் கொடுப்போம். யாரும் எந்த மூக்கு என்று கேட்டதில்லை.

சிதம்பரத்திலிருந்து:
கடை வழக்கு கலைச்சொல் ஆகாது. மூக்கு உவமையாகுபெயர்; உவமை புகுந்த இடத்தில் வரையறை நழுவும். உள்ளே துளையுடையது தூம்பு. ஏரி மதகுக்கும் அந்தப் பெயர் உண்டு. ஸ்பவுட்டுக்கு அதுவே தகும். பிடிக்காவிட்டால் வார்குழல் என்க. வார்க்கும் குழல், வினைத்தொகையாதலால் நேற்று வார்த்த நீருக்கும் நாளை வார்க்கப்போகும் நீருக்கும் சேர்த்தே பொருந்தும். கெண்டி என்ற பெயரே குண்டிகை என்னும் வடசொல்லின் திரிபு என்பார்கள். நான் ஏற்பதில்லை. கெண்டுதல் என்றால் தோண்டுதல். குடைந்து செய்தது கெண்டி என்பது என் கருத்து.

மதுரையிலிருந்து:
ஐயா, காஞ்சிபுரத்து அம்மன் ஏலவார்குழலி. வார்குழல் என்று எழுதினால் என் மாணவிகள் கெண்டியில் கூந்தலைத் தேடுவார்கள். தூம்பு எங்கள் பக்கத்து வீடுகளில் கழிவுநீர் வெளியேறும் துளை; குடிநீர்ப் பாத்திரத்தில் அதை ஒட்ட மனம் வரவில்லை. உவமையை விலக்குவதானால் கழுத்து, தோள், வயிறு எல்லாவற்றையும் விலக்க வேண்டும். பானைக்கு மிஞ்சுவது மண் மட்டும்தான்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்கள் வீட்டில் பித்தளை மூக்குப்பேணி இருந்தது. வாய் வைக்காமல் அண்ணாந்து குடிப்பதற்கானது. பழகாதவர் குடித்தால் சட்டை நனையும். தூம்புப்பேணி என்று அம்மம்மாவிடம் சொல்லியிருந்தால் தேநீரோடு திருப்பி வாங்கியிருப்பார். மூக்கில் கை வைக்காதீர்கள்.

சிதம்பரத்திலிருந்து:
பேணி நல்ல சொல். பேணுதலிலிருந்து வந்தது என்பேன், உள்ளிருப்பதைப் பேணுவது.

யாழ்ப்பாணத்திலிருந்து:
எங்களுக்குத் தகர டப்பாவும் பேணிதான் ஐயா. அது துருவைத்தான் பேணியது.

சென்னையிலிருந்து:
குழந்தை மருத்துவப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். தாய்ப்பாலை உறிஞ்சத் தெம்பில்லாத குறைமாதக் குழந்தைக்குப் பாலாடையில்தான் புகட்டுகிறோம். நுனியைக் கீழுதட்டில், வாயோரத்தில் வைத்துச் சிறிது சிறிதாகச் சாய்க்க வேண்டும். இந்திய மருத்துவர்கள் ஆங்கிலக் கட்டுரையிலும் பாலாடை என்றே எழுதுகிறார்கள், ஆகவே பெயரை மொழிபெயர்க்க வேண்டாம். ஆனால் அட்டையில் லிப் என்று போட்டால் பாத்திரத்தின் உதடா குழந்தையின் உதடா என்று குழம்பும். அலகு என்று வைக்கலாமே, பறவையின் அலகு போலத்தான் இருக்கிறது.

மதுரையிலிருந்து:
அழகாக இருக்கிறது, ஆனால் அலகை இயற்பியலார் எடுத்துக்கொண்டு மீட்டருக்கும் கிலோகிராமுக்கும் கொடுத்துவிட்டார்கள்.

கும்பகோணத்திலிருந்து:
குழாய்மூக்கு, விளிம்புமூக்கு. கேட்டதும் கை தானாக அந்த இடத்துக்குப் போகும். வேறென்ன வேண்டும்?

சிதம்பரத்திலிருந்து:
குழாய் என்றதும் குடிநீர் வாரியம் நினைவுக்கு வருகிறது. குறைந்தது குழல்மூக்கு என்றாவது எழுதுங்கள். விளிம்புமூக்கு சொல்லே அன்று, விளக்கம். என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

மதுரையிலிருந்து:
பதிவாயிற்று ஐயா. குழல்மூக்கு, விளிம்புமூக்கு என்று அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். ஆங்கிலத்தில் ஸ்பவுட், போரிங் லிப் (ஊற்றும் உதடு). குழந்தையின் உதடோடு குழம்பாமல் இருக்க அந்த அடைமொழி. தூம்பை அடியில் சிறிய எழுத்தில் சேர்க்கப் பார்த்தேன், இடமில்லை. நேரமும் இல்லை, இன்னும் 13ஆம் எண் பித்தளைச் செம்புக்கு அட்டை எழுத வேண்டும்.

சிதம்பரத்திலிருந்து:
பித்தளைச் செம்பா?