எங்கள் குடும்பக் குழுவில் ஸ்னோடன்

சுந்தரம் பெரியப்பா: அமெரிக்க உளவு அமைப்பில் வேலை பார்த்து, அரசு மக்களைக் கண்காணித்த ரகசியங்களைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்த ஸ்னோடனைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தை நேற்று இரவு கார்த்திக் போட்டுக் காட்டினான். கண் அசராமல் பார்த்தேன். பையன் கெட்டிக்காரன், நெஞ்சுரமும் இருக்கிறது. ஆனாலும் அவனுக்கு மன்னிப்புக் கொடுக்கக் கூடாது. ரகசியம் காப்பேன் என்று கையெழுத்துப் போட்டு வேலையில் சேர்ந்தவன். நானும் அப்படிக் கையெழுத்துப் போட்டவன்தான். ஓய்வு பெறும்வரை உங்கள் பெரியம்மாவிடம்கூட ஒரு கோப்பைப் பற்றி வாய் திறந்ததில்லை.

லலிதா அத்தை: அண்ணி கேட்டிருந்தால் அல்லவா அது பெருமை, அண்ணா!

கார்த்திக்: தாத்தா, படம் முடிந்ததும் ‘இவன் செய்தது சரிதான்’ என்று சொன்னீர்களே?

சுந்தரம் பெரியப்பா: சரி என்றேன். தண்டனை வேண்டாம் என்று சொன்னேனா?

முரளி, நியூ ஜெர்சி: நான் மாமா பக்கம். 2013 ஜூனில் முதல் செய்தி வந்தபோது இங்கே எல்லோருக்கும் கோபம்தான். வெரைசான் தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் யாருடன் எப்போது எவ்வளவு நேரம் பேசினார்கள் என்ற பதிவு நாள்தோறும் அரசுக்குப் போயிருக்கிறது. அதோடு நிறுத்தியிருந்தால் ஸ்னோடனுக்கு நானே மாலை போட்டிருப்பேன். ஆனால் சீனாவின் கணினிகளுக்குள் அமெரிக்கா புகுந்த கதையையும் ஹாங்காங் பத்திரிகை ஒன்றிடம் சொன்னார். அதற்கும் அமெரிக்கக் குடிமகனின் அந்தரங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?

நான்: அவருக்கு எதிரான வாதங்களிலேயே வலுவானது இதுதான், முரளி. இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ஆனால் அந்தத் தொலைபேசிப் பதிவு விஷயத்தைப் பாருங்கள். 2015 மே மாதம் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று, சட்டம் அதற்கு இடம் தரவில்லை என்றது. அடுத்த மாதமே அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சட்டத்தைத் திருத்தி அந்த மொத்தச் சேகரிப்பை நிறுத்தியது. 2020இல் இன்னொரு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அது சட்டவிரோதம் என்றது. அவர் வாய் திறக்காமல் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்குமா? அதற்கு முன்பு, 2013 மார்ச்சில், செனட் குழுவில் செனட்டர் வைடன் நேராகவே கேட்டார்: லட்சக்கணக்கான அமெரிக்கர்களின் தகவல்களைச் சேகரிக்கிறீர்களா? அப்போதைய உளவுத்துறைத் தலைவர் கிளாப்பர் இல்லை என்றார்.

சுந்தரம் பெரியப்பா: பொய் சொன்னவன் மேல் வழக்குப் போடட்டும். அதற்காக இவனை விட்டுவிடுவதா?

நான்: போடவே இல்லையே, பெரியப்பா! அங்கேதான் எனக்கு எரிச்சல். சி.ஐ.ஏ. தலைவராகவும் இருந்த ஜெனரல் பெட்ரேயஸ் தன் வாழ்க்கை வரலாற்றை எழுதிய பெண்ணிடம் ரகசியக் குறிப்பேடுகளைக் கொடுத்தார். 2015இல் அவருக்குக் கிடைத்தது இரண்டு ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 1,00,000 டாலர் அபராதமும். ஒரு நாள்கூடச் சிறை இல்லை. ஜெனரல் கார்ட்ரைட், ரகசியம் கசிந்தது பற்றிய விசாரணையில் எஃப்.பி.ஐ.யிடம் பொய் சொன்னதாக ஒப்புக்கொண்டவர். 2017 ஜனவரியில் ஒபாமா அவரை மன்னித்தார்.

லலிதா அத்தை: வாழ்க்கை வரலாறு எழுத வந்தவளிடம் ராணுவ ரகசியமா? நன்றாக இருக்கிறது.

முரளி, நியூ ஜெர்சி: அவர்கள் ஓடிப்போகவில்லை, வித்யா. நீதிமன்றத்தில் நின்றார்கள். ஒபாமாவும் 2016இல் அதைத்தான் சொன்னார்: நீதிமன்றத்துக்கே வராதவரை நான் மன்னிக்க முடியாது என்று.

நான்: முடியாது என்பது உண்மையல்ல, மனமில்லை என்று சொல்லியிருக்கலாம். பதவி விலகிய அதிபர் நிக்ஸன் மேல் குற்றப்பத்திரிகைகூட இல்லாதபோதே, அடுத்து வந்த அதிபர் ஃபோர்டு 1974இல் அவரை மன்னித்தார். வியட்நாம் போருக்குப் போக மறுத்து நாட்டைவிட்டு வெளியேறியவர்களைக்கூட 1977இல் அதிபர் கார்ட்டர் மன்னித்தார்.

கார்த்திக்: அத்தை, இன்னொன்று. ஸ்னோடன் கொடுத்த ஆவணங்களை வைத்து எழுதித்தான் வாஷிங்டன் போஸ்ட் 2014இல் புலிட்சர் விருது வாங்கியது. 2016இல் அதே பத்திரிகை அவரை மன்னிக்க வேண்டாம் என்று தலையங்கம் எழுதியது!

லலிதா அத்தை: விருந்தைச் சாப்பிட்டுவிட்டுச் சமையல்காரனைப் போலீஸில் பிடித்துக் கொடுத்த மாதிரி.

முரளி, நியூ ஜெர்சி: ரஷ்யாவை எல்லோரும் மறந்துவிட்டீர்கள். கடவுச்சீட்டை அமெரிக்கா ரத்து செய்ததால் மாஸ்கோ விமான நிலையத்தில் ஒரு மாதத்துக்கு மேல் சிக்கிக்கொண்டார், சரி. தஞ்சம் கேட்டார், அதுவும் சரி. ஆனால் 2022இல், உக்ரைன் போர் நடக்கும்போது, புதின் கையெழுத்திட்டுக் கொடுத்த குடியுரிமையை வாங்கிக்கொண்டாரே? கண்காணிப்பை எதிர்த்தவர் போய் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பாருங்கள்.

நான்: எனக்கும் அது உறுத்துகிறது. ஆனால் 2013இல் செய்த காரியத்தை 2022ஐ வைத்து எடை போட முடியாது.

சுந்தரம் பெரியப்பா: மேனிங்கைப் பாருங்கள். ராணுவச் சிப்பாய், விக்கிலீக்ஸ் இணையதளத்துக்கு லட்சக்கணக்கில் ரகசிய ஆவணங்களைக் கொடுத்தவர். ஆனால் விசாரணையில் நின்றார். 2013இல் 35 ஆண்டு தண்டனை. 2017இல் ஒபாமா அதைக் குறைத்து வெளியே விட்டார். குற்றத் தீர்ப்பு அப்படியே இருக்கிறது, ஆள் வீட்டுக்குப் போயாயிற்று. அதுதான் முறை.

நான்: விசாரணையில் நின்று ஸ்னோடன் என்ன சொல்ல முடியும்? அவர் மேல் போட்டிருப்பது 1917ஆம் ஆண்டின் உளவுச் சட்டம். மக்கள் நலனுக்காகத்தான் வெளியிட்டேன் என்ற வாதத்துக்கு அதில் இடமே இல்லை. வியட்நாம் போர் பற்றிய ரகசிய ‘பென்டகன் ஆவணங்களை’ வெளியிட்ட எல்ஸ்பெர்க், ஏன் செய்தேன் என்று சொல்ல நீதிபதி தன்னை விடவில்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 1973இல் அவர் தப்பியதே அரசாங்கத்தின் தில்லுமுல்லு வெளியே வந்து வழக்கு தள்ளுபடியானதால்தான். காரணத்தைச் சொல்ல அனுமதித்தால் திரும்பி வருகிறேன் என்று ஸ்னோடனும் சொல்லியிருக்கிறார்.

சுந்தரம் பெரியப்பா: காரணம் சொல்லக்கூட விடமாட்டார்களா? எங்கள் அலுவலகத்தில் விளக்கம் கேட்காமல் ஒரு கடைநிலை ஊழியரைக்கூடத் தண்டிக்க முடியாது. அப்படியானால் முதலில் அந்தச் சட்டத்தை மாற்றச் சொல்.

நான்: மாற்றும்வரை?

சுந்தரம் பெரியப்பா: மாற்றும்வரை மாஸ்கோ குளிரில் இருக்கட்டும்.

லலிதா அத்தை: அவனுக்குக் குழந்தைகள் இருக்கிறார்கள், அண்ணா.

சுந்தரம் பெரியப்பா: குழந்தைகள் இருப்பது ஒரு வாதமா, லலிதா? வித்யா, அந்தக் கிளாப்பர் சாட்சியம் எழுத்தில் இருந்தால் எனக்குத் தனியாக அனுப்பு. எழுத்தைப் பெரிதாக்கி அனுப்பு.